ஆபீஸுக்கு வராதவங்களுக்கும் நீங்கதான் எம்எல்ஏ

புதுசா ஜெயிச்சு வந்திருக்கிற எம்எல்ஏக்களுக்கும், அதவிட முக்கியமா அவங்க ஆபீஸ்ல பிஏவா, மனு வாங்குற ஆளா உக்காரப் போற தம்பி தங்கச்சிகளுக்கும் இத எழுதுறேன். நான் ஒரு தொகுதி ஆபீஸ்ல அஞ்சு வருஷம் மனு நோட்டு எழுதினவன். எந்தக் கட்சி, எந்த ஊருன்னு சொல்லப் போறதில்ல, சொல்லப் போற விஷயத்துக்கு அது தேவையும் இல்ல. ஜெயிச்ச முதல் வாரத்துல சால்வை, மாலை, பேனர்னு தலை சுத்தும், அது முடிஞ்சு கூட்டம் அடங்குன பிறகு இத ஒரு தடவை உக்காந்து படிங்க.

முதல்ல ஒரு கணக்கு போடுவோம். தமிழ்நாட்டுல 234 தொகுதி, 2021 தேர்தல் சமயத்துல மொத்த வாக்காளர் சுமார் 6 கோடியே 28 லட்சம், அப்ப ஒரு தொகுதிக்கு சராசரியா ரெண்டரை லட்சத்துக்கும் மேல ஓட்டு இருக்கு, சோழிங்கநல்லூர் மாதிரி இடத்துல அது 7 லட்சத்த ஒட்டி போயிடுச்சு. நீங்க ஒரு நாளைக்கு 50 பேர பாக்குறீங்கன்னு வெச்சுக்குவோம், ஞாயித்துக்கிழமை கூட லீவு இல்லாம 5 வருஷமும் பாத்தாலும் 91 ஆயிரத்து சொச்சம் பேர்தான் ஆகுது, அதுலயும் பாதிப் பேர் போன வாரம் வந்தவங்களே திரும்ப வந்தவங்களா இருப்பாங்க. சட்டசபை நாள், கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, கட்சி மீட்டிங்னு போற நாளையெல்லாம் கழிச்சா இன்னும் கொறையும். அதாவது உங்க தொகுதியில பெரும்பாலானவங்க உங்க ஆபீஸ் படிய மிதிக்கவே போறதில்ல. வர்றவங்க சொல்றத மட்டும் கேட்டு வேலை செஞ்சா நீங்க தொகுதிக்கு எம்எல்ஏ இல்ல, உங்க வாசலுக்கு வந்து போற சில ஆயிரம் பேருக்குத்தான் எம்எல்ஏ.

இத நான் புஸ்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கல. மனு நோட்டுல நாங்க பேரு, ஊரு, என்ன விஷயம்னு மட்டும் எழுதிட்டு இருந்தோம். ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு மழை நாள், யாரும் வரல, சும்மா இருக்கோமேன்னு நோட்டப் பொரட்டி ஊர் வாரியா எண்ணிப் பாத்தோம். டவுன் வார்டு நாலஞ்சும் பைபாஸ் ஓரத்துல இருக்கிற ஊருங்களும்தான் பாதிக்கு மேல. பொம்பளைங்க பேரு கம்மி, இருக்கிறதுலயும் நெறைய பேரு புருஷன் கூடயோ கிளைச் செயலாளர் கூடயோ வந்தவங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு இருளர் குடியிருப்பு இருக்கு, முப்பது வீடு கூட இருக்காது, அந்த ஊர் பேரு ஒன்றரை வருஷத்துல ஒரு தடவை கூட இல்ல. அவங்களுக்கு குறை இல்லாம இருக்குமா? நேர்ல போனோம். அங்க ஒரு வயசான அம்மா சொன்னாங்க, நாங்க வந்தோம் சாமி, அஞ்சாறு பேரு வந்தோம், காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வெளிய வேப்ப மரத்துக்கிட்ட நின்னோம், யாரும் உள்ள கூப்பிடல, கூலி போச்சேன்னு திரும்பிட்டோம்னு. அன்னைக்கு உள்ள உக்காந்து மனு வாங்கிட்டு இருந்தது நான்தான். அவங்க நின்னது என் கண்ணுக்கே படல. இன்னைக்கும் அது மனசுல கெடக்கு.

அதனால முதல் வேலை, மனு நோட்ட ஒழுங்கா போடுங்க. ஊர் பேரு மட்டும் போதாது, எந்தத் தெரு, ஊர்த் தெருவா காலனியா, வந்தது ஆணா பொண்ணா திருநங்கையா, தனியா வந்தாங்களா யாராச்சும் கூட்டிட்டு வந்தாங்களா, இதையும் எழுதணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணுங்க. எண்ணும்போது யாரு நெறைய வந்திருக்காங்கன்னு பாக்காதீங்க, எந்தப் பேரு இல்லவே இல்லன்னு பாருங்க, அடுத்த மாசம் நீங்க போக வேண்டிய இடம் அதுதான்.

ரெண்டாவது வேலை நேரத்தப் பத்தினது. காலையில பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் ஆபீஸ்னு போர்டு வெச்சா கூலி வேலைக்குப் போறவங்களால வரவே முடியாது, ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ்ஸுக்கு காசு குடுத்து வரணும், வந்தாலும் பாக்க முடியுமான்னு தெரியாது. வாரத்துல ரெண்டு நாளாச்சும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெறந்து வைங்க. இல்லன்னா நீங்களே போங்க. நூறு நாள் வேலை நடக்கிற எடத்துக்குப் போனீங்கன்னா ஒரே எடத்துல அறுபது எழுபது பொம்பளைங்க இருப்பாங்க, கூட வந்திருக்கிற கட்சிக்காரங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மரத்தடியில உக்காந்தீங்கன்னா, ரேஷன் கடையில எடை எப்படி போடுறான், டாஸ்மாக் எங்க இருக்கு, குடிதண்ணி எத்தன மணிக்கு வருது, பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இருக்கான்னு எல்லாம் அரை மணி நேரத்துல வந்துடும், ஆபீஸ்ல ஒரு மாசம் உக்காந்தாலும் இது கெடைக்காது.

எங்க உக்காந்து பேசுறீங்கங்கிறதும் முக்கியம். கோயில் மேடையில கூட்டம் போட்டா காலனிக்காரங்க தள்ளித்தான் நிப்பாங்க, கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில போட்டா அவருக்கு ஆகாதவங்க வரமாட்டாங்க. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, லைப்ரரி மாதிரி பொதுவான எடம் பாருங்க. ஊருக்குள்ள போற அன்னைக்கு காலனிக்கு முதல்ல போங்க, ஊர்த் தெருவுக்கு அடுத்து போங்க. அங்க குடுக்கிற தண்ணிய வாங்கிக் குடிங்க. இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, எம்எல்ஏ அங்க தண்ணி குடிச்சாரா இல்லையாங்கிறத ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் இருப்பாங்க, நீங்க மைக்ல பேசுறத விட அதுதான் ஊர் பூரா பரவும்.

அப்புறம் படிவம் 20. எந்த பூத்துல யாருக்கு எத்தன ஓட்டுன்னு தேர்தல் கமிஷன் போடுற தாள் அது. ஜெயிச்ச அடுத்த நாளே கட்சிக்காரங்க அத கையில வெச்சுக்கிட்டு இந்த பூத்து நம்மள கவுத்துடுச்சு, இவங்களுக்கு ரோடு எதுக்குன்னு ஆரம்பிப்பாங்க. கண்டிப்பா காது குடுக்காதீங்க. நூத்துக்கு நாப்பத்தஞ்சு ஓட்டு வாங்கி ஜெயிச்சிருந்தீங்கன்னா அம்பத்தஞ்சு பேரு உங்களுக்குப் போடல, அவங்களுக்கும் வேற எம்எல்ஏ கெடையாது. அந்தத் தாள நீங்களும் எடுத்து வைங்க, ஆனா உங்களுக்கு ரொம்பக் கம்மியா விழுந்த பத்து பூத்த குறிச்சு முதல் ஆறு மாசத்துல அங்க போங்க. கோவமா பேசுவாங்க, பேசட்டும், உங்க கட்சிக்காரங்க உங்ககிட்ட சொல்லாத உண்மைய அவங்கதான் சொல்லுவாங்க.

தொகுதி நிதி பத்தி கொஞ்சம் சொல்றேன். வருஷத்துக்கு 3 கோடி ரூவா, கேக்க பெருசா இருக்கும், ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் ஓட்டுக்குப் பிரிச்சா தலைக்கு நூத்திச் சொச்சம்தான் வருது. இதுல நிழற்குடையும் ஹைமாஸ் லைட்டும் நாடக மேடையுமா போட்டு பேரு எழுதி முடிச்சுடுவாங்க, ஏன்னா கேக்கிறவங்க அததான் கேக்கிறாங்க, கேக்கத் தெரிஞ்சவங்க பெரும்பாலும் பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஆம்பளைங்க. எம்பிங்களுக்கு இருக்கிற 5 கோடி நிதியில 15 சதவீதம் பட்டியலின மக்கள் இருக்கிற பகுதிக்கும் 7.5 சதவீதம் பழங்குடி பகுதிக்கும் போகணும்னு விதி இருக்கு. உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு கணக்க நீங்களே வெச்சுக்குங்க, சுடுகாட்டுப் பாதை, காலனிக்கு தனி போர் லைன், பொண்ணுங்க பாத்ரூம், இதெல்லாம் யாரும் பேனர் வெச்சு கேக்க மாட்டாங்க. 2022ல முதலமைச்சர் எல்லா எம்எல்ஏக்களுக்கும் கடிதம் எழுதி தொகுதியோட முக்கியமான 10 கோரிக்கைய கலெக்டர்கிட்ட குடுக்கச் சொன்னாரு இல்ல, எதிர்க்கட்சி எம்எல்ஏக்களுக்கும் சேத்துதான். அந்த மாதிரி லிஸ்ட் எப்ப கேட்டாலும் ரூமுக்குள்ள உக்காந்து எழுதாதீங்க. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல போட்ட தீர்மானங்கள வாங்கிப் படிச்சா லிஸ்ட் தன்னால வந்துடும்.

இனி சட்டசபை. நெறைய எம்எல்ஏக்கள் ஒண்ணு சொல்லுவாங்க, கட்சி கொறடா சொல்றததான் செய்யணும், நாங்க என்ன பண்ண முடியும்னு. பாதிதான் உண்மை. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவு ஓட்டெடுப்புக்குத்தான் கட்டுப்படுத்துது, கட்சிய விட்டு தானா விலகினாலோ, கட்சி உத்தரவ மீறி ஓட்டு போட்டாலோ, ஓட்டு போடாம விட்டாலோதான் பதவி போகும். கேள்வி கேக்கிறதுக்கோ, கவன ஈர்ப்பு குடுக்கிறதுக்கோ, துறை வாரியா பணம் ஒதுக்குற மானியக் கோரிக்கை விவாதத்துல உங்க ஊரப் பத்தி பேசுறதுக்கோ எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல. உங்க தலைமைக்கு சங்கடமா இருக்கலாம், ஆனா எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி டாக்டர் இருக்காரா, இல்லன்னா ஏன் இல்லன்னு கேக்கிற கேள்வியால யாரும் கட்சிய விட்டு எடுக்க மாட்டாங்க. கேள்விய பொத்தாம்பொதுவா கேக்காதீங்க. குடிநீர் பிரச்சனைக்கு அரசு என்ன செய்யுதுன்னு கேட்டா, அரசு நடவடிக்கை எடுத்து வருதுன்னு பதில் வரும், அத்தோட முடிஞ்சுது. இந்த ஒன்றியத்துல இத்தன தண்ணி டேங்க் இருக்கு, அதுல எத்தன ஓடுது, ஓடாததுக்கு எப்ப பணம் ஒதுக்குவீங்கன்னு கேட்டா துறைக்காரங்க ஃபைல தெறந்தே ஆகணும். அமைச்சர் எழுந்து செய்யுறோம்னு வாக்கு குடுத்தா தேதியோட குறிச்சு வைங்க, சபையில குடுத்த வாக்கு நிறைவேறுச்சான்னு பாக்குறதுக்குன்னே உறுதிமொழிக் குழு ஒண்ணு இருக்கு, பல எம்எல்ஏக்கள் அந்தப் பக்கமே போறதில்ல.

சரி, அந்தக் கேள்வி எங்க இருந்து வருது? இங்கதான் சபையில எல்லா மாதிரி ஆளும் ஏன் இருக்கணும்ங்கிற விஷயம் வருது, நான் இத எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

1924ல மெட்ராஸ் சட்ட மேலவையில பட்டியலினத் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு, பொது ரோடு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் இதையெல்லாம் தாழ்த்தப்பட்டவங்க உட்பட யார் வேணா பயன்படுத்தலாம், யாரும் தடுக்கக் கூடாதுன்னு. அதுக்கு முன்னாடியும் அந்த சபையில படிச்ச வக்கீலுங்க, ஜமீன்தாருங்க, நல்ல மனசுக்காரங்க எல்லாம் இருந்தாங்க, அவங்களும் அதே ரோட்டுலதான் போனாங்க வந்தாங்க. அந்த ரோடு அவங்கள தடுக்கல, அதனால அது ஒரு பிரச்சனைன்னு அவங்களுக்குத் தோணல. தடுக்கப்பட்டவரு உள்ள வந்த பிறகுதான் அது தீர்மானமாச்சு.

இன்னொண்ணு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மெட்ராஸ் மாகாணத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு 1921லயே வந்துடுச்சு, ஆனா சபைக்குள்ள ஒரு பொம்பள போய் உக்காந்தது அவங்கதான் முதல்ல, 1927ல. அவங்க அம்மா தேவதாசி குடும்பத்துல பொறந்தவங்க. சின்னப் பொண்ணுங்கள கோயிலுக்கு பொட்டு கட்டி விடுறத நிறுத்தணும்னு சபையில தீர்மானம் கொண்டு வந்தப்ப, இது சாஸ்திரம், இது கலை, இதுல கை வைக்காதீங்கன்னு பெரிய பெரிய ஆளுங்க எதிர்த்தாங்க. அந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். முழு தடைச் சட்டம் வர 1947 ஆயிடுச்சு. அவங்க மட்டும் உள்ள போகலன்னா இன்னும் எத்தன வருஷம் ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

இது பழைய கதைன்னு விட முடியாது. மேற்கு வங்கத்துலயும் ராஜஸ்தான்லயும் பொம்பளைங்களுக்கு ஒதுக்கின பஞ்சாயத்துங்கள மத்த பஞ்சாயத்துங்களோட ஒப்பிட்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் ஆராய்ச்சி பண்ணி 2004ல வெளியிட்டாங்க, ரெண்டு எடத்துலயுமே பொம்பளைங்க தலைவரா இருந்த ஊர்ல குடிதண்ணிக்கு கூடுதலா செலவு பண்ணியிருந்தாங்க. காரணம் யாருக்கும் வெளக்கவே வேண்டாம், கொடத்தத் தூக்கிட்டு நடக்கிறது யாரு?

நம்ம சபையில 2021ல ஜெயிச்சு வந்த 234 பேருல பொம்பளைங்க 12 பேரு. பன்னெண்டே பேரு. மூணுல ஒரு பங்கு ஒதுக்கீடுன்னு 2023ல நாடாளுமன்றத்துல சட்டத்திருத்தம் நிறைவேறுச்சு, ஆனா சென்சஸ், தொகுதி மறுவரையறை முடிஞ்ச பிறகுதான்னு அதுலயே எழுதி வெச்சிருக்காங்க. கட்சிங்க நெனச்சா அதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதே இல்ல, சீட்டு குடுக்கிறது அவங்க கையிலதான் இருக்கு. பட்டியலினத்துக்கு 44 தொகுதி, பழங்குடிக்கு ரெண்டே ரெண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். நீலகிரியில தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர்னு இத்தன பேரு இருந்தும் அந்த மாவட்டத்துல பழங்குடி தொகுதி ஒண்ணு கூட இல்ல. பரவிக் கெடக்கிற ஜனங்களுக்கு எந்த ஊர்லயும் மெஜாரிட்டி வராது. எங்க ஏரிக்கரை இருளருங்க மாதிரி அங்க முப்பது வீடு, இங்க இருபது வீடுன்னு இருக்கிறவங்களுக்கு ஓட்டுக் கணக்குல எடமே கெடையாது, அப்ப அவங்களுக்காக பேசுறது மத்தவங்க எல்லாரோட கடமை ஆகுது.

சில பேரு கேப்பாங்க, எல்லாருக்கும் எம்எல்ஏன்னு சொல்றீங்க, அப்புறம் அந்தந்த ஆளு வேணும்னும் சொல்றீங்களேன்னு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டல. தனித் தொகுதி எம்எல்ஏவ அந்தத் தொகுதியில இருக்கிற எல்லா சாதிக்காரங்களும் சேந்துதான் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறாங்க, 1932 பூனா ஒப்பந்தத்துல இருந்து வந்த ஏற்பாடு அது, அதனால அவரு எல்லாருக்கும் பதில் சொல்லியே ஆகணும், ஒரு ஊர்ல வன்கொடுமை நடந்தா வாய் தெறக்கிறதுக்கு எவ்வளவு அழுத்தம் இருக்கும்னு அவரத்தான் கேக்கணும். அதே மாதிரி பொதுத் தொகுதியில ஜெயிச்ச பெரிய சாதி ஆம்பள எம்எல்ஏ, இது அவங்க எம்எல்ஏ பேச வேண்டியதுன்னு ஒதுங்க முடியாது. அனுபவம் இருக்கிறவங்க கேள்விய எடுத்துக் குடுப்பாங்க, கூட எழுந்து நிக்க மத்தவங்க வேணும்.

உங்க தொகுதிக்குள்ள இருக்கிற பஞ்சாயத்துத் தலைவருங்கள மறக்காதீங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல்ல தனிப் பஞ்சாயத்துன்னு ஆன ஒரே காரணத்துக்காக 1996ல இருந்து பத்து வருஷம் தலைவர உக்கார விடல. மேலவளவுல 1997 ஜூன் 30, தலைவர் முருகேசனையும் சேத்து ஆறு பேர வெட்டிக் கொன்னாங்க. 2020ல கூட கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில பட்டியலினப் பெண் தலைவர தரையில உக்கார வெச்ச போட்டோவ நாம எல்லாரும் பாத்தோம். அதனால எந்தப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனாலும் முதல்ல தலைவர் நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. தலைவரோட புருஷன் முன்னாடி வந்து நான்தான் பேசணும்னா, அம்மா பேசட்டும், நாங்க காத்திருக்கோம்னு சொல்லுங்க, நிஜமாவே காத்திருங்க. நாலு தடவை இப்படி நின்னா அஞ்சாவது தடவை அவங்களே போன் பண்ணுவாங்க.

உங்க ஆபீஸையும் பாருங்க. அஞ்சு பேர் வேலை பாக்குறாங்கன்னா அஞ்சு பேரும் உங்க சாதி, உங்க ஊரு, ஆம்பளைங்களா இருந்தா வேப்ப மரத்தடியில நிக்கிறவங்க அவங்க கண்ணுக்குப் படாது, எனக்குப் படல இல்ல. ஒரு பொண்ணாச்சும் மனு வாங்குற மேஜையில இருக்கணும், புருஷன் அடிக்கிறான்ங்கிறத ஒரு பொம்பள எங்கிட்ட எப்படி சொல்லுவா? வாசல்ல சாய்தளம் போடுங்க. மாற்றுத்திறனாளிங்கள உள்ளாட்சி மன்றங்கள்ல நியமன உறுப்பினரா போட 2025 ஏப்ரல்ல நம்ம சட்டசபையே சட்டம் நிறைவேத்துச்சு, அத நிறைவேத்தின சபைக்குப் போற எம்எல்ஏவோட ஆபீஸ்லயே நாலு படி ஏறணும்னா அது நியாயமில்ல.

நாங்க அந்த இருளர் குடியிருப்புல பத்தாவது முடிச்ச ஒரு பொண்ண வாரம் மூணு நாள் மனு எழுத வெச்சோம். சம்பளம் பெருசா குடுக்க முடியல. ஆனா அது வந்த பிறகுதான் ஒண்ணு தெரிஞ்சுது, அங்க பசங்க பள்ளிக்கூடத்த விட்டு நின்னதுக்குக் காரணம் வறுமை மட்டும் இல்ல, சாதிச் சான்றிதழ் இல்லாதது. பழங்குடின்னு சான்றிதழ் தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்லதான் வாங்கணும், அதுக்கு அப்பாவோட சான்றிதழ் கேப்பாங்க, அப்பாவுக்கே கெடையாது. நாங்க ஒன்றரை வருஷமா அந்த ஊருக்கு என்ன வேணும்னு கேட்டா தெரு லைட்டுன்னு சொல்லியிருப்போம். எம்எல்ஏ ஆர்டிஓகிட்ட பேசி, அவங்க ஆளுங்கள குடியிருப்புக்கே வர வெச்சு விசாரிக்க வெச்சோம், மொத்தம் நாலு தடவை நடக்க வேண்டியிருந்துச்சு, ரெண்டு குடும்பத்துக்கு நான் வேலைய விட்டு வர்ற வரைக்கும் கெடைக்கல.

கடைசியா பதில் கடிதம். வந்த ஒவ்வொரு மனுவுக்கும் நம்பர் போட்டு, முப்பது நாள்ல என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, முடியலன்னா முடியலன்னு காரணத்தோட எழுதுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க வீட்டுக்கு லெட்டர் அனுப்பி பிரயோஜனம் இல்ல, போன் பண்ணி சொல்லுங்க, போன் இல்லன்னா அடுத்த கிராம சபையில அந்த ஊர் மனுக்களோட பதிலெல்லாம் சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லுங்க. தேதி மேல இருக்கு, ஆறும் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.